பிளாற்றனை முழுமையாகக் கற்பியுங்கள்: சுவிஸ் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

சுவிற்சர்லாந்துத் தமிழ்ப் பாடசாலைகளின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கல்வியாண்டிலிருந்து மேல்வகுப்புகளில் ஒரு தவணை முழுவதும், ஒரே ஒரு சுவிஸ் கெமைண்டேயின் (ஊர் அளவிலான உள்ளாட்சி அலகின்) நிலத்தையும் வரலாற்றையும் மக்களையும் பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். அதற்கு முதலாவதாக எடுக்க வேண்டிய ஊர் வலிஸ் மாநிலத்தின் லொட்சென் பள்ளத்தாக்கிலுள்ள பிளாற்றன் என்பது என் உறுதியான கருத்து.

2025 மே 28ஆம் திகதி பிற்பகல் அந்த ஊரின் மேல் மலை சரிந்து விழுந்த காணொளியை நம் பிள்ளைகளில் பார்க்காதவர் அரிது. புழுதி மேகம் எழுந்து பள்ளத்தாக்கை மூடுவதையும், அது விலகியபோது கிராமம் இருந்த இடத்தில் சாம்பல் நிற மண்மேடு மட்டுமே தெரிவதையும் அவர்கள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊருக்கு நடுவே ஓடிய ஆற்றின் பெயரைக் கேட்டால் பதில் வருவதில்லை. அங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள், என்ன பயிரிட்டார்கள், அந்த உயரத்தில் ஏன் குடியேறினார்கள் என்று கேட்டாலும் மௌனந்தான். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு ஊர் ஒரு நிமிடக் காணொளியாக மட்டும் ஒரு தலைமுறையின் நினைவில் தங்கிவிடுவது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். இந்த நாட்டைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளக் கிடைத்த நல்ல வாய்ப்பொன்றும் அதனால் கைநழுவுகிறது.

முதலில் நிலத்தைச் சொல்கிறேன். றோன் ஆற்றின் வடகரையிலிருந்து பிரிந்து, பேர்ண் மாநில எல்லைச் சிகரங்களுக்கும் பீட்ஷ்ஹோர்ன் மலைக்கும் இடையே வடகிழக்காக நீண்டு செல்வது லொட்சென் பள்ளத்தாக்கு. அதன் தலைப்பகுதியில் உள்ள லாங் பனியாற்றிலிருந்து பிறக்கும் லொன்சா ஆறு பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து, கொப்பென்ஸ்ரைன் அருகே தெற்கே திரும்பி, ஒரு குறுகிய மலையிடுக்கின் வழியே இறங்கி றோனில் கலக்கிறது. கீழிருந்து மேலாக ஃபேர்டன், கிப்பெல், வீலர், பிளாற்றன் என நான்கு கெமைண்டேக்கள். மலை சரிவதற்கு முன்னர் நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பேர்தான் வாழ்ந்தார்கள். கடைசி ஊரான பிளாற்றன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,540 மீற்றர் உயரத்தில் இருந்தது. அதன் எல்லைப் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர். அவ்வளவு பெரிய நிலத்தில் வாழ்ந்தவர்களோ சுமார் 300 பேர். இந்த இரண்டு எண்களையும் ஒரு மாணவரிடம் கொடுத்து, ஏன் இப்படி என்று கேட்டால் போதும், பாடம் தானாகத் தொடங்கிவிடும். அந்தப் பரப்பின் பெரும்பகுதி பாறையும் பனியாறும். வீடு கட்டவும் உழவும் ஏற்ற நிலம் பள்ளத்தாக்கின் அடியிலும் வெயில் படும் சரிவின் கீழ்ப்பகுதியிலும் சிறு துண்டுகளாகவே கிடந்தது. தாய்க்கிராமத்தைச் சுற்றி வைசென்ரீட், ஐஸ்ரென், ரீட் முதலிய குக்கிராமங்கள் சிதறியிருந்ததும் அதனால்தான். 3,934 மீற்றர் உயரமான பீட்ஷ்ஹோர்ன் எதிர்ப்புறத்தில், நிழல் பக்கத்தில் நிற்கிறது. பள்ளத்தாக்கின் தலையில் உள்ள லொட்சென்லூக்கே கணவாயைக் கடந்தால், அல்ப்ஸ் மலைகளிலேயே மிகப் பெரிய பனியாறான அலெட்ஷின் பனிப்பரப்புக்குப் போய்விடலாம். யுங்ஃபிராவ் - அலெட்ஷ் பகுதியை 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. பிளாற்றனின் மலைகளும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை.

இத்தனை ஒதுங்கிய இடத்தில் மனிதர் எப்போது வந்தார்கள் என்பதற்குப் பனியே சாட்சி வைத்திருந்தது. லொட்சென் பள்ளத்தாக்கையும் பேர்ண் மாநிலத்தின் காண்டர் பள்ளத்தாக்கையும் இணைக்கும் லொட்சென் கணவாய் 2,690 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே உருகிய பனியிலிருந்து வெண்கலக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த விற்கள் கிடைத்தன. பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஓவியர் அல்பேர்ட் நீஃபெலெர் 1930களிலும் 1940களிலும் அவற்றைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வில்லோடு அந்தக் கணவாயைக் கடந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்றால், இன்று நாம் உலகின் கோடி என்று நினைக்கும் இடம் அன்று போகவரும் வழியாக இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? இதே கணவாய் மலைத்தொடரின் அடியில்தான் பேர்ணிலிருந்து பிறிக்குக்கும் சிம்பிளோனுக்கும் செல்லும் புகையிரதம் இன்றும் ஓடுகிறது.

எழுத்து ஆவணங்களில் பிளாற்றனின் பெயர் 1433இல் காணப்படுகிறது. அதற்கு முன்னர் பள்ளத்தாக்கு துர்ன் பிரபுக்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் தோற்கடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். ஆனால் லொட்சென் மக்களுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. பிரபுக்களை வென்ற மேல் வலிஸின் ஐந்து மாவட்டங்களே இவர்களைத் தம் ஆளுகைக்கு உட்பட்ட மக்களாக வைத்துக்கொண்டன. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிலை நீடித்து, 1790இல்தான் பணம் கொடுத்துத் தங்கள் உரிமையை மீட்டுக்கொண்டனர். சுவிற்சர்லாந்து என்றாலே ஆதிமுதல் சுதந்திரமான உழவர்களின் நாடு என்று பாடநூல்களில் படித்த பிள்ளைகளுக்கு, ஒரு மலைப் பள்ளத்தாக்கு இன்னொரு மலைப் பள்ளத்தாக்கை ஆண்ட இந்தக் கதையை அவசியம் சொல்ல வேண்டும். நாடு என்பது ஒரே நாளில் ஒரே மலையுச்சியில் பிறந்ததன்று என்பதை அவர்கள் இப்படித்தான் உணர்வார்கள்.

அந்த மக்கள் தங்களுக்குள் எப்படி நிலத்தையும் நீரையும் மேய்ச்சலையும் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிப்பெல் கிராமத்தில் லொட்சென் அருங்காட்சியகம் இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கே போனால், தெசல் எனப்படும் மரக்கட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத சிறு மரத்துண்டுகள் அவை; உற்றுப் பார்த்தால் தெரியும், ஒரு பக்கத்தில் கத்தியால் கீறிய அடையாளம் ஒன்று இருக்கும். ஒரு கோடும் அதன் குறுக்கே இன்னொரு கோடும், அல்லது ஒரு சிலுவையும் அதன் அடியில் ஒரு புள்ளியும், இப்படி ஏதோ ஒன்று. அது ஒரு குடும்பத்தின் வீட்டுக்குறி. அருகே வெட்டப்பட்டிருக்கும் கீற்றுகள் அந்தக் குடும்பத்துக்கு உரிய பங்கைச் சொல்லும்: மேய்ச்சல் நிலத்தில் எத்தனை மாடுகளை விடலாம், வாய்க்காலில் எவ்வளவு நேரம் நீர் பாய்ச்சலாம், பொது வேலைக்கு எந்த முறையில் ஆள் அனுப்ப வேண்டும் என்பவையெல்லாம் இந்தக் கீற்றுகளிலேயே இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு புரியும்; கீற்றை ஒருவர் இரகசியமாக மாற்றிவிட முடியாதபடி ஊரே அதை அறிந்திருக்கும். கெமைண்டே என்று இன்று நாம் சொல்லும் அமைப்பின் வேர் இந்த மரத்துண்டுகளில் இருக்கிறது. வரிப் படிவமும் குப்பைப் பையும் அனுப்பும் அலுவலகமாக மட்டும் அதை அறிந்திருக்கும் நம் பிள்ளைகள், ஒரு தெசலை ஐந்து நிமிடம் பார்த்தால் அதன் உண்மைப் பொருளை உணர்ந்துகொள்வார்கள். நம் ஊர்களில் குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சியதை நினைவில் வைத்திருக்கும் பாட்டா, பாட்டிமார் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

வாழ்க்கை எளிதாக இருந்ததில்லை. கம்பு இனத்தைச் சேர்ந்தது என்று தவறாகச் சிலர் சொல்லும் றொக்கென் தானியமே அங்கே முதன்மைப் பயிர். உண்மையில் அது கோதுமைக்கு நெருங்கிய உறவுள்ள, குளிரைத் தாங்கும் வேறொரு தானியம். அதன் மாவில் சுட்ட ரொட்டியைப் பொது அடுப்பில் ஒரே தடவையில் பெருந்தொகையாகச் சுட்டு மாதக்கணக்கில் வைத்து உண்பது வலிஸ் மலையூர்களின் வழக்கம். பாலும் பாற்கட்டியும் மற்ற உணவு. வெயிலில் கருத்துப்போன லார்ச் மரக் கட்டைகளால் அடுக்கிய வீடுகளும், எலி ஏறாதபடி தட்டைக் கற்களின் மேல் தூக்கி வைத்த தானியக் களஞ்சியங்களும் ஊரின் அடையாளமாக இருந்தன. சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டதால் நிலம் சிறுத்துக்கொண்டே போனது. ஒரே வீட்டின் மாடிகளைக்கூட வெவ்வேறு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. வேலை தேடிப் பிற நாட்டுப் படைகளில் கூலிவீரர்களாகச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுவந்த சீருடைகளின் மரபு இன்றும் அழியவில்லை. நற்கருணைத் திருவிழா ஊர்வலத்தில் பழைய படைவீரர்போல் உடுத்திய ஆண்கள் அணிவகுத்துச் செல்கிறார்கள். அவர்களைக் கடவுளின் கிரனேடியர்கள் என்று அழைக்கிறார்கள்.

குளிர்காலத்தின் சேகெற்றா உருவங்களைப் பற்றி ஒரு முழுப் பாடவேளையே நடத்தலாம். பெப்ரவரி 2ஆம் திகதிக்கும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், மரத்தில் செதுக்கிய கோர முகமூடியும், ஆட்டுத்தோலும், இடுப்பில் பசுவின் மணியும் அணிந்த உருவங்கள் தெருவில் இறங்கும். எதிர்ப்படுபவர்களைத் துரத்திப் பனியை அள்ளி முகத்தில் தேய்க்கும். தவக்காலத்துக்கு முந்திய வியாழக்கிழமை இரவில் இவர்களின் பெரிய ஓட்டம் பிளாற்றனில் புறப்பட்டுப் பள்ளத்தாக்கின் வழியே ஃபேர்டன் வரை செல்வது வழக்கமாக இருந்தது. முகமூடி செதுக்குபவர்கள் பலர் பிளாற்றனில் இருந்தார்கள்.

வெளியுலகம் அங்கே வந்த விதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1859இல் ஆங்கில அறிஞர் லெஸ்லி ஸ்டீபன் உள்ளூர் வழிகாட்டிகளோடு பீட்ஷ்ஹோர்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார். அதன்பின் மலையேறிகள் வரத் தொடங்கினர். 1913இல் கொப்பென்ஸ்ரைனிலிருந்து காண்டர்ஸ்ரெக் வரையான 14.6 கிலோமீற்றர் நீள லொட்ச்பேர்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதை வெட்டும்போது 1908 ஜூலையில் காஸ்ரெர்ன் பள்ளத்தாக்கின் அடியில் மண்ணும் நீரும் உடைத்துப் புகுந்ததில் 25 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் கொப்பென்ஸ்ரைனில் விழுந்த பனிச்சரிவிலும் உயிர்கள் போயின. 2007இல் அதற்குக் கீழே 34.6 கிலோமீற்றர் நீள அடிவாரச் சுரங்கம் வந்தது. பள்ளத்தாக்கின் ஆறு தன் பெயரை ஒரு பெரிய நிறுவனத்துக்கும் கொடுத்திருக்கிறது: லொன்சாவின் நீரால் மின்சாரம் எடுத்து 1897இல் கம்பெல் என்ற இடத்தில் தொடங்கியதுதான் லொன்சா நிறுவனம். கோவிட் காலத்தில் மொடேர்னா தடுப்பூசியின் மூலப்பொருள் அதன் வீஸ்ப் ஆலையில் தயாரானது. நம் பிள்ளைகள் பலரும் அவர்களின் பெற்றாரும் அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்கள்.

ஆபத்து பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. 1900இல் வீலர் கிராமம் பெருந்தீயில் எரிந்து, பின் மீண்டும் கட்டப்பட்டது. 1999 பெப்ரவரியில் பனிச்சரிவுகளால் பள்ளத்தாக்கு பல நாட்கள் வெளியுலகத் தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டது. பிளாற்றனுக்கு மேலே இருந்த பிர்ச் பனியாறும் 2025இல் திடீரென்று கவனத்துக்கு வந்த ஒன்றில்லை. பனிக்கட்டிச் சரிவு அபாயம் காரணமாக 1990களிலிருந்தே அதைக் கண்காணித்து வந்தார்கள். அல்ப்ஸ் மலைகளின் மற்றப் பனியாறுகள் எல்லாம் சுருங்கிப் பின்வாங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் அண்மை ஆண்டுகளில் முன்னோக்கி நகர்ந்தது. மேலே இருந்த கிளைனெஸ் நெஸ்ற்ஹோர்ன் சிகரத்திலிருந்து ஓயாமல் விழுந்த கற்கள் அதன் மேல் குவிந்து, அதைக் கீழே தள்ளின. கற்போர்வை பனி உருகுவதைத் தடுத்தது. கற்களின் பாரமோ நகர்வை விரைவாக்கியது. 2025 மே மாதத்தின் நடுவில் சிகரமே பிளக்கத் தொடங்கியது. 17ஆம் திகதி ஊரின் ஒரு பகுதியினரும், 19ஆம் திகதி மிகுதி அனைவருமாக ஏறத்தாழ 300 பேர் வெளியேற்றப்பட்டனர். மாடுகளும் ஆடுகளும் கொண்டுசெல்லப்பட்டன; காலில் காயமடைந்திருந்த ஒரு பசுவை உலங்குவானூர்தியில் தூக்கிச் சென்றார்கள். அடுத்த நாட்களில் சிகரம் துண்டுதுண்டாக இடிந்து மில்லியன் கணக்கான கன மீற்றர் பாறையைப் பனியாற்றின் முதுகில் ஏற்றியது. 28ஆம் திகதி பிற்பகல் 3.24 மணிக்குப் பனியாறு முழுவதுமாக உடைந்து இறங்கியது. பனியும் பாறையும் கலந்த அந்தத் திரள் பள்ளத்தாக்கின் அடியை மூடி, எதிர்ச்சரிவிலும் ஏறி நின்றது. அதன் அதிர்வு நாடெங்கும் உள்ள நிலநடுக்க மானிகளில் பதிவாகியது. ஊரின் ஏறத்தாழ 90 வீதம் புதைந்தது. லொன்சா ஆறு அணைபட்டு ஏரியாகப் பெருகி, எஞ்சிய வீடுகளில் பெரும்பாலானவற்றை மூழ்கடித்துவிட்டு, இரண்டு நாட்களில் இடிபாட்டின் மேலாகத் தனக்கொரு வழியை வெட்டிக்கொண்டது. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு அப்பால் இருந்த 64 வயது மனிதர் ஒருவர் உயிரிழந்தார்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் இன்னும் இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1806 செப்ரெம்பர் 2ஆம் திகதி கோல்டாவ் ஊரின் மேல் மலை சரிந்தபோது 457 பேர் இறந்தார்கள். 1881 செப்ரெம்பர் 11ஆம் திகதி கிளாறுஸ் மாநிலத்தின் எல்ம் ஊரில், கற்பலகை வெட்டிய சுரங்கத்தின் மேலிருந்த மலை விழுந்து 115 பேர் இறந்தார்கள். பிளாற்றனில் 300 பேர் உயிரோடு வெளியேறியதற்கு அதிர்ஷ்டம் காரணமாகாது. மலையை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க் கண்காணிப்பாளர்கள், அளந்து சொன்ன புவியியலாளர்கள், எச்சரிக்கையை ஏற்றுத் தயங்காமல் முடிவெடுத்த கெமைண்டே சபை, சொன்னவுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய மக்கள் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்ததே காரணம். கிரவ்பூண்டன் மாநிலத்தின் பிரியென்ஸ் ஊரில் 2023 மே மாதத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டு, ஜூனில் பாறைத்திரள் ஊரின் விளிம்புவரை வந்து நின்றதும் இதே வகைதான். அழிவை மட்டும் காட்டும் காணொளியில் இந்தப் பாடம் இடம்பெறாது.

இனி, கெமைண்டே என்ற அமைப்புக்கு வருகிறேன். தமிழ்ப் பாடசாலை ஏன் இதைக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவிற்சர்லாந்தில் 3,200க்கு மேற்பட்ட கெமைண்டேக்கள் இருந்தன. 2025 தொடக்கத்தில் 2,121 ஆகக் குறைந்துவிட்டன. பணமும் ஆளும் போதாமல் சிறியவை ஒன்றிணைகின்றன. ரிச்சினோ மாநிலத்தின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் உள்ள கொரிப்போ, இருபது பேர்கூட இல்லாத நாட்டின் மிகச் சிறிய கெமைண்டேயாக நீண்டகாலம் இருந்து, 2020 ஒக்ரோபரில் புதிய வெர்சாஸ்கா கெமைண்டேயோடு இணைந்தது. கொரிப்போவில் கல்வீடுகள் அப்படியே நிற்கின்றன, கெமைண்டே இல்லை. பிளாற்றனில் வீடுகள் இல்லை, கெமைண்டே இருக்கிறது. அதன் சபை கூடுகிறது, வாக்காளர் பதிவேடு இருக்கிறது, அண்டைக் கிராமங்களில் தங்கியிருக்கும் மக்கள் அதன் குடிகளாகவே தொடர்கிறார்கள். நாடாளுமன்றம் 2025 ஜூனில் ஐந்து மில்லியன் பிராங் உடனடி உதவியை ஒதுக்கியபோது, அதைப் பெற்றுக்கொள்ள ஒரு சட்டபூர்வமான ஊர் இருந்தது. 2030ஐ ஒட்டி மக்களை மீண்டும் பிளாற்றனில் குடியமர்த்துவதே தன் இலக்கு என்று சபை அறிவித்திருக்கிறது. தப்பிய வைசென்ரீட், ஐஸ்ரென் குக்கிராமங்கள் அந்தத் திட்டத்தின் தொடக்கப் புள்ளிகள். மலையூர்களில் இவ்வளவு பணத்தைச் செலவழிப்பது தகுமா, மக்கள் கீழே இறங்கிவிடுவதுதானே நல்லது என்ற விவாதமும் இந்த நாட்டில் வெளிப்படையாக நடக்கிறது. எதிர்கால வாக்காளர்களான நம் பிள்ளைகள் அந்த விவாதத்தில் ஒரு கருத்தோடு பங்கேற்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், திரும்பிப் போவதா இல்லையா என்பதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். ஆபத்து எங்கே என்று சொல்ல வேண்டியவர்கள் மலையை அளப்பவர்கள். மற்ற நாம் அந்த இரண்டையும் கேட்ட பிறகே செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் அச்சிடப்படுவதில்லை. பூர்வீக ஊரின் பெயரே அச்சிடப்படுகிறது. குடியுரிமை என்பது கெமைண்டே, மாநிலம், கூட்டாட்சி என்ற மூன்று படிகளிலும் கிடைக்க வேண்டிய ஒன்று. குடியுரிமை கொடுத்த கெமைண்டேயே அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊராகிப் பிள்ளைகளுக்கும் தொடர்கிறது. முன்னொரு காலத்தில் ஒருவர் வறுமைப்பட்டால் அவரைத் தாங்க வேண்டிய கடமையும் அந்தப் பூர்வீக ஊருக்கே இருந்தது. பெல்வால்ட், ரீடர், ரிட்லர், கால்பர்மாற்றன் போன்ற குடும்பப் பெயர்களைத் தாங்கி, நாட்டின் எந்த நகரத்திலோ வாழும் பலரின் கடவுச்சீட்டில் இன்றும் பிளாற்றன் என்றே இருக்கிறது. அந்த ஊரை அவர்கள் ஒருநாள்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். அதேபோல 1980களிலிருந்து அகதிகளாக வந்து, பின் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் கடவுச்சீட்டிலும் ஏதோவொரு சுவிஸ் கெமைண்டேயின் பெயர் பூர்வீக ஊராக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊரைப் பற்றி, அதன் ஆற்றைப் பற்றி, அதன் பழைய மக்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஏதாவது தெரியுமா? தெரியாவிட்டால் அது அவர்களின் குற்றமில்லை; நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, இருபது முப்பது ஆண்டுகள் வேறிடங்களில் வாழ்ந்தும், கிராம அலுவலர் பிரிவின் பெயரையும் கோயிலின் பெயரையும் வளவின் எல்லையையும் மறக்காமல் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். வீடில்லாமல் ஊர் நிலைத்திருக்கும் என்பதை அவர்களுக்கு விளக்க ஆசிரியர் அதிகம் பாடுபட வேண்டியிருக்காது. ஆனாலும் போரால் இழந்த ஊரையும் மலையால் இழந்த ஊரையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணங்கள் வேறு, பொறுப்புகளும் வேறு.

கற்பிக்கும் முறையை எங்கிருந்தோ கடன் வாங்க வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்று நிலத்தை அடுக்கிப் பார்க்கும் அகத்திணை மரபு நம்மிடம் இருக்கிறது. மேல்வகுப்புகளில் அதை ஏற்கெனவே பாடமாகப் படிப்பிக்கிறோம். குறிஞ்சி, முல்லை என்று மனனம் செய்யவைத்து மதிப்பெண் இடுவதோடு நின்றுவிடாமல், அதே அடுக்கில் பிளாற்றனைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலமும் பொழுதும் முதலில் வரட்டும்: வெயில் பக்கம் எது, நிழல் பக்கம் எது, பனி எப்போது விழுகிறது, மாடுகள் எப்போது மேலேறுகின்றன. அடுத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் என்று கருப்பொருள்களை மாணவரே தேடி நிரப்பட்டும். றொக்கென் ரொட்டியும், லார்ச் மரமும், சேகெற்றாவின் இடுப்பு மணியும், திருவிழா ஊர்வலமும் தத்தம் இடத்தில் வந்து அமரும். அந்த மக்களின் உணர்வு எதுவாக இருந்திருக்கும் என்ற உரிப்பொருளைப் பற்றிப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளை வாசிக்க நான் ஆவலோடு இருக்கிறேன். பனியாறு, கணவாய், மேய்ச்சல், பாறைச்சரிவு போன்ற சொற்களைப் பேச்சில் ஒருபோதும் பயன்படுத்தாத பிள்ளைகளுக்குத் தமிழில் அவற்றைக் கையாளும் பழக்கமும் இதனால் வரும்.

நேரமில்லை, பரீட்சைப் பாடத்திட்டமே முடிவதில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். புதன் பிற்பகலிலோ சனி காலையிலோ கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆகவே புதிய பாடவேளை எதையும் நான் கேட்கவில்லை. கட்டுரைப் பயிற்சிக்கும் பேச்சுப் போட்டிக்கும் ஒவ்வோர் ஆண்டும் தலைப்புகள் கொடுக்கிறோம். பல ஆண்டுகளாக மாறாமல் வரும் தலைப்புகளில் ஒன்றிரண்டை மாற்றினாலே இடம் கிடைத்துவிடும். பொருள் திரட்டுவதும் கடினமில்லை. நாட்டின் ஒவ்வொரு கெமைண்டேக்கும் வரலாற்றுக் குறிப்பு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1850இலிருந்து எடுக்கப்பட்ட குடித்தொகைக் கணக்குகளைக் கூட்டாட்சிப் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்டிருக்கிறது. கூட்டாட்சி நிலவரைபட அலுவலகத்தின் தளத்தில் 19ஆம் நூற்றாண்டின் டுஃபூர் வரைபடத்திலிருந்து இன்றைய வரைபடம் வரை ஒரே இடத்தை ஆண்டு ஆண்டாகப் பார்க்கலாம். பிளாற்றனைத் திரையில் வைத்து ஆண்டை நகர்த்திக் காட்டுங்கள். பனியாறுகள் சுருங்குவதையும், கொப்பென்ஸ்ரைனில் புகையிரதப் பாதை தோன்றுவதையும், வீதி மேலேறி வருவதையும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இதை ஒட்டி மூன்று விடயங்களை உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பிளாற்றனைப் பற்றிய இருபது பக்கமளவிலான தமிழ்க் கைந்நூல் ஒன்றை, வலிஸ் மாநிலத்தில் வாழும் தமிழ் ஆசிரியர்களின் துணையோடு தயாரியுங்கள். வரைபடமும் எண்களும் கட்டாயம் இருக்கட்டும், புழுதி மேகத்தின் படம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். தவணை இறுதியில் ஒவ்வொரு மாணவரும் தன் கடவுச்சீட்டில் உள்ள கெமைண்டேயையோ தான் வாழும் கெமைண்டேயையோ பற்றி அதே முறையில் ஒரு கட்டுரை எழுதட்டும். சுற்றுலாவுக்கு நகர்ப்புறக் கேளிக்கைப் பூங்காக்களையே தேர்ந்தெடுக்கும் பாடசாலைகள், ஓராண்டு கொப்பென்ஸ்ரைனில் புகையிரதத்தை விட்டு இறங்கிப் பேருந்தில் கிப்பெல் சென்று, அருங்காட்சியகத்தையும் பள்ளத்தாக்கையும் பார்த்து வரட்டும். இடிபாட்டைப் படம்பிடிக்கப் போகிறவர்களாக இல்லாமல், அங்கே கடை வைத்திருப்பவரிடம் ரொட்டி வாங்கி உண்டு, உள்ளூரவர் ஒருவரைக் கேட்டு அறிந்து வருபவர்களாகப் போக வேண்டும். முன்கூட்டியே அனுமதியும் பெற வேண்டும்.

கைந்நூலுக்கான ஜெர்மன் மூலங்களைத் தமிழில் தொகுத்துத் தருவதற்கும், வரைபடங்களில் இடப்பெயர்களைத் தமிழில் எழுதித் தருவதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். கையெழுத்துப் படியை வரும் கோடை விடுமுறைக்கு முன் உங்களிடம் ஒப்படைக்க முடியும். எந்த வகுப்புக்கு எந்த அளவில் வேண்டும் என்பதைத் தீர்மானித்து அறிவித்தால் போதும்.

நன்றியுடனும் நம்பிக்கையுடனும்,
பேர்ண் மாநிலத்தில் வாழும் ஒரு தமிழ்ப் பெற்றார்